பூட்டை விற்றுத் திறப்பை ஒளிப்பவர்கள்

“லினக்ஸ் போட்டால் வைஃபை வேலை செய்யாது, ஐயா. பேசாமல் விண்டோஸையே விடுவம்.”

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் கடையொன்றில் பணிபுரியும் இளைஞன் ஒருவன் சில வாரங்களுக்கு முன்னர் என்னிடம் கூறிய வாசகம் இது. அவன்மீது எனக்குக் கோபமில்லை. நாளாந்தம் பலருக்குப் பதில் சொல்லவேண்டிய தொழில் அவனுடையது; கண்டதைச் சொன்னான். ஆனால், நாற்பது ஆண்டுகளாகப் பிறருடைய வசனங்களைத் திருத்திச் சம்பளம் வாங்கியவனுக்கு, ஒரு வசனம் காதில் விழுந்தவுடன் அதன் எழுவாயைத் தேடும் பழக்கம் இலகுவில் விட்டுப்போவதில்லை. இந்த வசனத்தின் எழுவாய் பிழையானது. யார் செய்தார் என்பதை மறைத்து, ஏதோ தானாக நிகழ்ந்துவிட்டதுபோல எழுதும் கலை எங்கள் நாட்டுப் பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதன்று. அதற்கான காரணங்களை இங்கே விரிக்கவேண்டிய அவசியமுமில்லை. கணினித் துறைக்கும் அக்கலை பரவியிருப்பதுதான் என் இன்றைய முறைப்பாடு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பெறாமகள் ஒருத்தி பல்கலைக்கழகம் புகுந்திருக்கிறாள். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் பாவித்துவிட்டுக் கொடுத்த மடிக்கணினி ஒன்று அவளுக்குக் கிடைத்தது. நல்ல இயந்திரம். விசைப்பலகையில் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. ஆயினும் விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இற்கு இந்த இயந்திரம் தகுதியற்றதாம். அதன் மையச் செயலி ஒரு தலைமுறை மூத்தது என்பதே குற்றம். 2022 ஆம் ஆண்டில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாவுக்கு ஏறியதை நேரில் அனுபவித்த நாடு இது. அன்றிலிருந்து புதிய மடிக்கணினி என்பது பல வீடுகளில் ஆலோசனைக் கூட்டம் கூட்டித் தீர்மானிக்கவேண்டிய செலவு. ஆகவே லினக்ஸை நிறுவுவதென்று முடிவெடுத்தோம். கடைக்காரத் தம்பி மறுத்ததால் இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துவந்து நானே நிறுவினேன்.

அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. திரை தெளிவாக வந்தது, ஒலி வந்தது, தமிழ் எழுத்துருவும் தட்டச்சும் ஒழுங்காக அமைந்தன. வைஃபை மட்டும் வரவில்லை. தம்பியின் வாக்குப் பலித்துவிட்டது!

இணைக்கப்பட்டிருக்கும் வன்பொருட்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். அட்டை அங்கே இருக்கிறது. அதன் பெயரும் இலக்கமும் திரையில் வந்தன. லினக்ஸின் கருவான கெர்னலும் அதனை அடையாளம் கண்டிருந்தது. கெர்னலின் குறிப்பேட்டைப் புரட்டியபோது விடயம் வெளிச்சமாயிற்று. அட்டைக்குள் ஏற்றப்படவேண்டிய சிறு கோப்பு ஒன்று இல்லை என்று ஒரே வரி. அந்தக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். இணையத்துக்குச் செல்ல வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும். கலியாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் என்ற கதைதான்.

கைத்தொலைபேசியை யுஎஸ்பி வடத்தால் மடிக்கணினியுடன் பொருத்தி, அதன் இணைப்பைப் பகிர்ந்து, கோப்பை இறக்கி, இயந்திரத்தை மீளத் தொடக்கியதும் அயல்வீட்டாரின் வைஃபைப் பெயர்கள் உட்பட எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வேலை பத்து நிமிடம். அதைக் கண்டுபிடிக்கச் செலவழித்தது ஒன்றரை நாள்.

இனி எழுவாய்க்கு வருவோம்.

அந்தக் கோப்பை எழுதியவர் யார்? அட்டையைச் செய்த நிறுவனம். அதன் உள்ளடக்கத்தை அறிந்தவர் யார்? அதே நிறுவனம். விண்டோஸுக்கான இயக்கி மென்பொருளைத் தன் சம்பளத்தில் எழுதுவித்துக் கொடுத்தவர் யார்? அதே நிறுவனம். லினக்ஸுக்கு இயக்கி எழுத முன்வந்த தொண்டர்கள், ‘உங்கள் அட்டை எவ்வாறு தொழிற்படுகிறது என்ற விபரத்தையாவது தாருங்கள், எழுதும் வேலையை நாங்கள் இனாமாகச் செய்கிறோம்’ என்று கேட்டபோது வாய்திறக்காதவர் யார்? “லினக்ஸில் வைஃபை வேலை செய்யாது” என்ற வசனத்தைத் திருத்தினால், “இந்த அட்டையை விற்றவர் அதனுடன் பேசும் முறையை உமக்குச் சொல்ல மறுத்துவிட்டார்” என்றுதான் வரும்.

நான் தொழிலில் சேர்ந்த காலத்தில் எங்கள் அச்சகத்துக்கு வந்த இயந்திரத்துடன் தலையணை மொத்தத்தில் ஒரு கைந்நூலும் வந்தது. ஒவ்வொரு பற்சக்கரத்துக்கும் இலக்கமிட்ட வரைபடம். எந்தத் துளையில் எத்தனை துளி எண்ணெய் என்பதுவரை எழுதியிருந்தது. இயந்திரத்தை வாங்கியவன் அதனை இயக்கவும் திருத்தவும் உரித்துடையவன் என்பதில் அக்காலத்தில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. இன்று விரலளவு அட்டையை விற்றுவிட்டு அதன் கைந்நூலை இரகசியம் என்கிறார்கள். பூட்டுக்குக் காசு வாங்கியாயிற்று. திறப்பு மட்டும் இரகசியமாம்.

இந்தப் பழக்கம் வைஃபையுடன் பிறந்ததன்று. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குச் சென்ற காலத்தில் ‘வின்மோடம்’ என்றொரு மலிவுச் சரக்கு வந்தது. மோடம் செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதியை விண்டோஸுக்கான மென்பொருளிடம் தள்ளிவிட்டு, வெறும் கூட்டை மட்டும் விற்றார்கள். செய்தியறையிலிருந்து பிரதியை அனுப்பமுடியாமல், கடைசியில் தொலைநகலில் அனுப்பிவிட்டு வீடு திரும்பிய இரவுகள் எனக்கு உண்டு. பின்னர் 2006 அளவில் நான் வாங்கிய முதலாவது மடிக்கணினியின் வைஃபையும் லினக்ஸில் ஊமையாகக் கிடந்தது. அக்காலத்து வைத்தியம் ‘என்டிஐஎஸ் ராப்பர்’. விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதப்பட்ட இயக்கியை இறுவட்டிலிருந்து பிரித்தெடுத்து, லினக்ஸுக்குள் வைத்து, ‘நீ இன்னும் விண்டோஸில்தான் இருக்கிறாய்’ என்று அதனை ஏமாற்றி வேலை வாங்கும் உபாயம் அது. மூன்று இரவுகள் கழிந்தபின் அட்டையின் சிறு விளக்கு ஒளிர்ந்தபோது வீட்டாரை எழுப்பிக் காட்டினேன். ஒருவரும் அசரவில்லை.

என் அட்டைகள் எவருடைய தயாரிப்பு என்பதை எழுதப்போவதில்லை. ஒருவரைக் குறிவைத்து எழுதும் கட்டுரையன்று இது. ஊரறிந்த வரலாறே எனக்குப் போதும்.

2002 ஆம் ஆண்டின் இறுதியில் லிங்சிஸ் நிறுவனம் ‘டபிள்யூஆர்டி54ஜி’ என்ற வழிச்செலுத்திப் பெட்டியைச் சந்தைக்கு விட்டது. அதனுள் இருந்தது புரோட்கொம் நிறுவனத்தின் சிப். அதனை இயக்கியதோ லினக்ஸ்! லினக்ஸை இலவசமாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்து விற்றவர்கள், அதன் உரிம நிபந்தனைப்படி மூலநிரலை வெளியிடவேண்டுமென்று பலர் வற்புறுத்திய பின்னரே 2003 இல் அதனை வெளியிட்டார்கள். அப்போதும் வைஃபை இயக்கி மட்டும் மூடிய கோப்பாகவே இருந்தது. ஆக, அந்தச் சிப்புக்கு லினக்ஸ் இயக்கி எழுதமுடியாது என்பதில்லை. எழுதப்பட்டு, இலட்சக்கணக்கான வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினி வைத்திருந்தவனுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது.

தொண்டர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெட்டியிலிருந்த மூடிய இயக்கியை ஒரு குழுவினர் பிரித்து ஆராய்ந்து, சிப் எவ்வாறு தொழிற்படுகிறது என்று விபரக்குறிப்பு மட்டும் எழுதினார்கள். மூடிய நிரலைக் கண்ணாலும் பாராத வேறொரு குழுவினர், அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு புதிதாக இயக்கியை எழுதினார்கள். களவு என்ற பழி வந்துவிடக்கூடாது என்பதற்காகத் தாமே வகுத்துக்கொண்ட வேலி அது. அவர்களது இயக்கி 2006 ஜூனில் வெளியான 2.6.17 ஆம் கெர்னலில் இடம்பெற்றது. அப்போதும் துன்பம் முடியவில்லை. அட்டைக்குள் ஏற்றவேண்டிய நிலைபொருளை மறுவிநியோகம் செய்ய அனுமதி கிடைக்காமையால், ஒவ்வொரு பாவனையாளரும் நிறுவனத்தின் மூடிய இயக்கியை இறக்கி, அதிலிருந்து அந்தத் துண்டை வெட்டியெடுக்கும் தனி மென்பொருளைப் பாவிக்கவேண்டியிருந்தது. ஒரு கோப்பைப் பகிர்வதற்கு ‘ஓம்’ என்று சொல்லும் ஒரு கடிதம் போதுமாயிருந்த விடயம் இது.

பிறகென்ன நடந்தது? 2010 செப்டெம்பரில் அதே புரோட்கொம் தன் புதிய அட்டைகள் சிலவற்றுக்குத் திறந்த மூலநிரல் இயக்கியைத் தானே வெளியிட்டது. அத்தனை ஆண்டுகளாகக் காத்த இரகசியம் வெளிவந்ததால் நிறுவனம் வங்குரோத்தாகவில்லை.

இன்ரெல்லின் கதையும் அதே பாடம்தான். 2006 அளவில் அதன் 3945 அட்டைக்கு லினக்ஸ் இயக்கி கொடுத்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில், நிருவாகியின் முழு அதிகாரத்துடன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கவேண்டிய மூடிய நிரல் ஒன்றையும் கட்டாயமாக்கியது. அலைவரிசை விதிகளைக் காப்பதற்காம். அந்த நிரல் இல்லாமலேயே அட்டையை இயக்கமுடியும் என்று ஓப்பன் பிஎஸ்டி காரர்கள் எழுதிக்காட்டினார்கள். 2007 இல் இன்ரெல் வெளியிட்ட புதிய இயக்கியில் அந்தக் காவல்காரனைக் காணவில்லை. அவசியம் என்று அடித்துக்கூறப்பட்ட ஒன்று ஓராண்டுக்குள் அவசியமற்றதாயிற்று. இன்ரெல்லைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும்: தன் நிலைபொருளின் மூலநிரலைத் தராவிட்டாலும், கோப்பைப் பிறர் பகிர்வதற்கு அது அனுமதித்தது. லினக்ஸுக்கு இன்ரெல் அட்டையே உத்தமம் என்று இன்றும் பலர் சொல்வதற்கு அந்தச் சிறு பெருந்தன்மையும் ஒரு காரணம். அதெரோஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றது. பல ஆண்டுகள் மூடிவைத்திருந்தபின், 2008 இல் தன் ‘ஏடிஎச்9கே’ இயக்கியைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. அந்த வகை உள்ளக அட்டைகளுக்கு வெளியிலிருந்து ஏற்றவேண்டிய நிலைபொருட் கோப்பே தேவையில்லை. நிறுவியவுடன் வேலை செய்யும். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லாமல் விட்டால் நான் வாசகருக்கு நேர்மையற்றவனாவேன். வானலை பொதுச்சொத்து. ஒரு நாட்டில் அனுமதிக்கப்பட்ட அலைவரிசை இன்னொரு நாட்டில் அனுமதிக்கப்படாது. 2.4 ஜிகாஹேட்ஸ் பட்டையில் ஐரோப்பாவில் 13 ஆம் தடம்வரை செல்லலாம். அமெரிக்காவில் வழக்கத்தில் 11 ஆம் தடத்துடன் நிறுத்தவேண்டும். 5 ஜிகாஹேட்ஸ் பட்டையின் ஒரு பகுதி வானிலை ராடர்களுக்கும் உரியது. விதி மீறிய கருவிகள் விமான நிலைய ராடர்களைக் குழப்பிய சம்பவங்கள் உண்மையிலேயே நிகழ்ந்துள்ளன. மூலநிரலைத் திறந்துவிட்டால் கண்டவரெல்லாம் வலுவைக் கூட்டி அலைவரிசையைக் குழப்புவார்கள். ஆகவே மூடியிருக்கிறோம் என்கிறார்கள்.

விதி நியாயமானது. அதிலிருந்து மூடுதல் எவ்வாறு பிறக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எந்த நாட்டில் எந்தத் தடம், எவ்வளவு வலு என்ற தரவுத்தொகுதி லினக்ஸில் பல ஆண்டுகளாக ஒப்பமிடப்பட்ட கோப்பாகப் பகிரங்கமாகவே இருக்கிறது. இயக்கிகள் அதற்குக் கட்டுப்படுகின்றன. மாறாக, 2016 ஓகஸ்டில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவுடன் 200,000 டொலர் செலுத்த இணங்கி வழக்கைத் தீர்த்துக்கொண்ட ரீபி-லிங்க் நிறுவனத்தின் விடயத்தைப் பாருங்கள். வரம்பை மீறி ஒலிபரப்ப இடமளித்தது யாரோ ஒரு லினக்ஸ் பித்தன் எழுதிய மென்பொருளன்று. நிறுவனம் தானே பெட்டிக்குள் வைத்து விற்ற அதிகாரபூர்வ மென்பொருளின் நாட்டுத் தெரிவுதான். பிறர் எழுதும் திறந்த மென்பொருளை நிறுவ இடமளிக்கும் வழியைத் தேடவேண்டும் என்பதும் அந்த இணக்கத்தின் ஒரு நிபந்தனை! சட்டத்தைக் காட்டிப் பூட்டியவர்களுக்குச் சட்டத்தின் காவலரே கொடுத்த பதில் அது.

லினக்ஸ் அன்பர்களே, உங்களையும் விட்டுவிடப்போவதில்லை. என் பெறாமகள் போன்ற ஒருத்தி உதவி கேட்டால், ‘கைந்நூலைப் படி’ என்று துரத்துபவர்கள் உங்களுள் இன்னும் இருக்கிறார்கள். டெபியன் திட்டம் மூடிய நிலைபொருளைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கமாட்டேன் என்று நீண்டகாலம் விரதம் காத்தது. அக்கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த விரதத்தில் பட்டினி கிடந்தவன் நிறுவனத்து முதலாளியல்லன். வட்டை எரித்து ஆவலுடன் நிறுவிப் பார்த்து, வைஃபை வராமல் மறுநாளே விண்டோஸுக்குத் திரும்பிய பாமரன். 2022 இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அக்கோப்புகளை வட்டிலேயே சேர்த்தார்கள். நல்ல தீர்மானம். பத்தாண்டு முன்னர் எடுத்திருக்கலாம்.

நிலைமை முன்னரைவிட எவ்வளவோ மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரியல்ரெக் அட்டைகள் பலவற்றுக்கு 2019 இல் வந்த 5.2 ஆம் கெர்னல் முதலாகப் புதிய இயக்கிகள் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்து வருகின்றன. எனினும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபைத் துண்டுகளின் கூத்து ஓயவில்லை. பெட்டியில் ஒரே மாதிரி இலக்கம். உள்ளே வேறு சிப். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘பதிப்பு 2’ என்றிருக்கும். முதற் பதிப்பு லினக்ஸில் பொருத்தியவுடன் வேலை செய்யும். இரண்டாம் பதிப்புக்கு எங்கோ ஒருவர் இராக்கண் விழித்து எழுதிய நிரலைத் தேடியெடுத்துத் தொகுக்கவேண்டும். அதைத் தானாக மீளத் தொகுக்கும் ஏற்பாட்டைச் செய்துவைக்காவிட்டால், கெர்னல் மேம்படுத்தப்படும் ஒவ்வொரு முறையும் வைஃபை மறைந்துபோகும். மரக்கறி வாங்கும்போது கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிறோம். இங்கே பெட்டியைத் திறந்து பார்த்தாலும் விளங்காது.

இதற்குப் பரிகாரம் தனிமனிதன் இராமுழுதும் திரைமுன் குந்தியிருப்பதன்று. இந்நாட்டில் பாடசாலைகளுக்கும் திணைக்களங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கணினி வாங்குவதற்குக் கேள்விப்பத்திரம் கோருகிறார்கள். நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் நிபந்தனை எழுதும் பெறுகைக் குழுவினர், வைஃபை அட்டைக்கு ஒரேயொரு வரி எழுதட்டும்: இதன் இயக்கி லினக்ஸின் மூலக் கெர்னலில் உள்ளடங்கியிருத்தல் வேண்டும்; நிலைபொருளைத் தடையின்றி மறுவிநியோகம் செய்ய அனுமதி இருத்தல் வேண்டும். விண்டோஸே பாவிப்பதாயிருந்தாலும் எழுதட்டும். அந்த இயந்திரத்தை விண்டோஸ் கைவிடும் நாள் வரும். அன்று அது குப்பைக்குப் போகாமல் இன்னொரு பாடசாலைக்குப் போகும். ஒருவர் கேட்டால் தொண்டர் கூட்டம் என்று ஒதுக்குவார்கள். ஆயிரம் இயந்திரம் வாங்குபவர் கேட்டால் விற்பனைப் பிரிவிலிருந்து உடனே தொலைபேசி வரும்.

இது எங்களுக்கு எட்டாத காரியம் என்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்து அள்ளிக்கொண்டு போனபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்கு இந்நாட்டு நிரலாளர்கள் தொண்டாக எழுதிய திறந்த மூலநிரல் மென்பொருள்தான் ‘சஹானா’. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான 2006 ஆம் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது. பின்னர் வேறு நாட்டு அனர்த்தங்களிலும் அதனைப் பாவித்தார்கள். எழுதத் தெரிந்த நாடுதான் இது. வாங்கும்போது கேட்கத்தான் தெரியவில்லை.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மீண்டும் அதே கடைக்குப் போனேன். வைஃபை ஓடுவதைத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான். “என்ன செய்தனீங்கள், ஐயா?” என்றான். கோப்பின் பெயரையும், கைத்தொலைபேசியை வடத்தால் பொருத்தும் முறையையும், லினக்ஸுக்கென்று கேட்டு வருபவர்களுக்கு எந்தெந்த அட்டையை வாங்கச் சொல்லலாம் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில், மின்கட்டணப் பற்றுச்சீட்டுக்குப் பக்கத்தில் அதைச் செருகி வைத்தான். கடந்த கிழமை அவனிடமிருந்து ஓர் அழைப்பு. மூன்று பழைய இயந்திரங்கள் வந்திருக்கின்றனவாம். இரண்டில் வைஃபை வந்துவிட்டது, மூன்றாவது துண்டில் எழுதிய எதற்கும் மசியவில்லையாம். நாளை காலை போய்ப் பார்க்கவேண்டும்.